வீட்டில் உட்காரும் நாய் தேர்வில் ஏன் நிற்கிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

"வீட்டுல சொன்னா உடனே உட்காரும் சார், இங்க என்னன்னு தெரியல..." கீழ்ப்படிதல் வகுப்பின் தேர்வு நாளில் நடுவர்கள் காதில் அடிக்கடி விழும் பேச்சு இது. சொல்பவர் பொய் சொல்லவில்லை. வீட்டில் அது உட்காரத்தான் செய்கிறது. அதே கூடம், அதே சோபா, தின்பண்ட டப்பாவை நோக்கிப் போகும் அதே கை, லேசாக முன்னால் குனியும் அதே உடம்பு என்று எல்லாம் சேர்ந்து வந்தால்தான் அதற்கு 'சிட்', அதாவது உட்கார் என்ற கட்டளை. மைதானத்தில் இதில் எதுவுமே இல்லை. நாய் அடம்பிடிப்பதாக நினைத்துக்கொண்டு நாம் குரலை உயர்த்துகிறோம். அதுவோ, என்ன கேட்கிறார்கள் என்றே புரியாமல் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

தேர்வில் என்னென்ன கேட்பார்கள் என்பதை முழுதாகப் படிக்காமலே பயிற்சியைத் தொடங்குவதுதான் முதல் தவறு. அமைப்புக்கு அமைப்பு விதிகள் மாறும். அமெரிக்காவில் நாய் இனங்களைப் பதிவுசெய்யும் அமைப்பான அமெரிக்கன் கென்னல் கிளப் 1989-ல் தொடங்கிய 'கெனைன் குட் சிட்டிசன்' தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 10 பகுதிகள். சிட், டவுன் (படு), ஸ்டே (அசையாமல் அங்கேயே இரு) மூன்றும் சேர்ந்து ஒரு பகுதி. கூப்பிட்டால் வருவது இன்னொன்று. மீதி எட்டும் வேறு: முன்பின் தெரியாதவர் வந்து பேசும்போது அமைதியாக இருப்பது, அவர் தடவிக்கொடுக்க விடுவது, காதையும் முன்னங்கால்களையும் தொட்டுப் பார்க்க விடுவது, வாரை இழுக்காமல் நடப்பது, ஆட்களுக்கு நடுவே நடப்பது, இன்னொரு நாயைக் கடப்பது, திடீர்ச் சத்தத்தில் மிரண்டு ஓடாமல் இருப்பது, உரிமையாளர் கண்ணில் படாமல் 3 நிமிடம் வேறொருவரோடு காத்திருப்பது. முழு நேரத்தையும் சிட், டவுன், ஸ்டே, கம் என்று செலவழித்தவர்கள் பத்தில் இரண்டு பகுதிக்குத்தான் தயாராகியிருக்கிறார்கள்.

தின்பண்டத்துக்கும் அங்கே அனுமதி இல்லை. வாயால் பாராட்டலாம், அவ்வளவுதான். அதே அமைப்பின் போட்டிகளில் தொடக்கநிலைப் பிரிவுக்கு மொத்தம் 200 மதிப்பெண். தேற 170 வேண்டும், ஒவ்வொரு பயிற்சியிலும் பாதிக்கு மேலும் வாங்கியாக வேண்டும். கூப்பிட்டு வரவில்லை என்று இரண்டாம் முறை கூப்பிட்டாலே தேர்ச்சி போய்விடும்.

கையைத்தான் பார்க்கிறது

நாய்கள் நம் சொல்லைவிட உடம்பைக் கூர்ந்து கவனிப்பவை. இதை ஒரு நிமிடத்தில் நீங்களே பார்த்துவிடலாம். நேராக நில்லுங்கள், இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள், நாயைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி ஒரே ஒரு முறை 'சிட்' என்று சொல்லுங்கள். "எல்லாம் தெரியும்" என்று நாம் நம்பும் நாய்களில் பல இந்த இடத்தில் தலையைச் சாய்த்துப் பார்க்கும். சில பின்னால் சுற்றி வந்து கையைத் தேடும்.

சொல்லையும் சைகையையும் ஒரே நேரத்தில் கொடுப்பதால் வரும் கோளாறு இது. இரண்டும் சேர்ந்து வந்தால் நாய் எளிதானதைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு எளிது சைகை. எனவே முதலில் சொல், ஒரு விநாடி இடைவெளி, பிறகுதான் கை அசைவு. கொஞ்ச நாளில் அந்த இடைவெளியிலேயே உட்காரத் தொடங்கும். தின்பண்டம் கையிலோ இடுப்புப் பையிலோ இருக்க வேண்டாம். கொஞ்சம் தள்ளி அலமாரியில் வைத்துவிட்டு, சொன்னதைச் செய்த பிறகு இருவருமாகப் போய் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, எல்லா முறையும் கொடுக்காமல் சில முறை மட்டும். கையில் எதுவும் இல்லாவிட்டாலும் நல்லது வரும் என்ற நம்பிக்கை நாய்க்கு வர வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாமல் தேர்வன்று திடீரென்று வெறுங்கையோடு போய் நிற்பது நாய்க்கு நாம் செய்யும் அநியாயம்.

"சிட்... சிட்... சிட்டுன்னு சொல்றேன்ல!" இதைத் தினமும் கேட்கும் நாய்க்கு மூன்றாவது சிட்தான் உண்மையான சிட். ஒரு முறை சொல்லுங்கள், மூன்று நான்கு விநாடி வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். நடக்கவில்லையென்றால் அந்த இடம் அதற்குக் கடினமாக இருக்கிறது என்று பொருள். சத்தம் குறைந்த பக்கம் தள்ளிப்போய் மறுபடி கேளுங்கள். வீட்டில் ஒருவர் "கம்", இன்னொருவர் "இங்க வா", பிள்ளைகள் பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிடுவது என்றிருந்தால், முதலில் வீட்டார் உட்கார்ந்து ஒரே சொல்லுக்கு வாருங்கள்.

ஸ்டேயைக் கெடுப்பது யார்?

ஸ்டேயில் மூன்று சுமைகள் உண்டு: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், சுற்றிலும் எவ்வளவு கலகலப்பு. மூன்றையும் ஒரேயடியாக ஏற்றுவது பரவலான தவறு. ஒன்றைக் கூட்டும் நாளில் மற்ற இரண்டையும் குறையுங்கள். வீட்டில் இருபது அடி தள்ளி நின்றாலும் அசையாத நாய், பூங்காவில் இரண்டடி தூரத்திலேயே எழலாம். அங்கே இரண்டடியில்தான் தொடங்க வேண்டும்.

இன்னொரு தவறு கண்ணுக்கே தெரியாது. ஸ்டே சொல்லிவிட்டு, தள்ளிப்போய், ஒவ்வொரு முறையும் "கம்" என்று கூப்பிட்டு அங்கே வைத்துப் பாராட்டுகிறோம். இதனால் ஸ்டே என்பதே கூப்பிடப்போவதற்கு முன்னால் வரும் காத்திருப்பு என்று நாய் புரிந்துகொள்கிறது. நாளடைவில் நாம் வாயைத் திறக்கும் முன்பே, மூச்சை இழுத்ததும் எழுந்து வந்துவிடும். பெரும்பாலான நேரம் நாம்தான் திரும்பி நடந்துபோய், அது உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே வெகுமதி கொடுக்க வேண்டும். கூப்பிட்டால் வரும் பயிற்சியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கூப்பிட்டு வந்ததும் குளிப்பாட்டுவது, அதட்டுவது, வாரை மாட்டி விளையாட்டை முடிப்பது எல்லாம் "கம்" என்ற சொல்லின் மதிப்பைக் குறைப்பவை. பத்து முறை கூப்பிட்டால் எட்டு முறையாவது பாராட்டிவிட்டு மறுபடி விளையாட விட்டுவிடுங்கள்.

வாரைப் பற்றிச் சுருக்கமாக: எதிரே நாய் வருவதைப் பார்த்ததும் நம் கை தானாக வாரைச் சுருட்டிப் பிடிக்கிறது. கழுத்தில் அந்த இழுப்பு விழுந்ததும் நாயும் விறைத்துக்கொள்கிறது. பிரச்சினை பாதி அங்கேதான் தொடங்குகிறது.

அடம் என்று நினைப்பது

கொட்டாவி, மூக்கை நக்குவது, முகத்தைத் திருப்புவது, தேவையில்லாமல் தரையை மோப்பம் பிடிப்பது, நனையாமலே உடம்பை உதறுவது. பயிற்சி நடுவே இவை வந்தால் பெரும்பாலும் நாய் பதற்றத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் அதட்டினால் பதற்றம் கூடும், கற்பது நிற்கும். நன்றாக உட்கார்ந்துகொண்டிருந்த நாய் திடீரெனத் தயங்கினாலோ ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாலோ இடுப்பிலோ முழங்காலிலோ வலி இருக்கலாம். காதைத் தொட விடாத நாய்க்குக் காதில் புண் இருக்கலாம். பயிற்சியாளருக்கு முன் கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.

வயதையும் கவனிக்க வேண்டும். 2020-ல் பிரிட்டனிலிருந்து வெளியான ஓர் ஆய்வில், 5 மாதத்தில் தங்களை வளர்ப்பவர் சொன்னதை நன்றாகக் கேட்ட நாய்கள் 8 மாதத்தில் அவர் பேச்சை முன்பைவிடக் குறைவாகவே கேட்டன. வேற்று ஆள் சொன்னால் கேட்டன. பருவம் வரும் வயது அது, கடந்துபோகும். அந்த மாதங்களில் தேர்வைத் தள்ளிப்போடுவதே நல்லது என்பது என் கருத்து.

கடைசி வாரம் காலையும் மாலையும் மணிக்கணக்கில் பயிற்சி கொடுப்பது வீண். டென்மார்க்கில் பீகிள் நாய்களை வைத்துச் செய்த, 2011-ல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு ஓரிரு முறை பயிற்சி பெற்றவை தினமும் பெற்றவற்றைவிடக் குறைவான வகுப்புகளிலேயே கற்றுக்கொண்டன. ஒவ்வொரு வகுப்பும் சின்னதாக, நடுவில் ஓய்வோடு இருக்கட்டும். அந்த வாரத்தில் பழகாத இடங்களுக்குக் கூட்டிப்போங்கள். நண்பர் ஒருவரை நடுவராக நிற்கவைத்து, விதிகளில் உள்ள வரிசையிலேயே, தின்பண்டம் இல்லாமல் ஒத்திகை பாருங்கள். நாய்க்குக் காதைத் தொடும் வேற்றுக் கை பழகும், நமக்குப் பிறர் பார்க்கும்போது குரல் மாறாமல் பேசப் பழகும். நம் நடை வேகமும் குரலும் மாறினால் நாய் உடனே கவனித்துவிடும். உரிமையாளர் மறைந்திருக்கும் 3 நிமிடத்தையும் மறக்காதீர்கள். 10 விநாடியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

தேர்வுக்கு முந்தின நாள் புதுக் கழுத்துப்பட்டை, புதுத் தீனி, நகம் வெட்டுவது எதுவும் வேண்டாம். அன்று காலை வயிறு நிறையக் கொடுக்காதீர்கள். களைப்பாக இருந்தால் அடங்கும் என்று நெடுந்தூரம் ஓடவிடவும் வேண்டாம், சோர்ந்த நாய்க்குக் கவனம் நிற்காது. முன்கூட்டியே போய் மைதானத்தின் ஓரத்தில் மோப்பம் பிடிக்க விடுங்கள், உள்ளே போகும் முன் சிறுநீர், மலம் கழிக்கக் கூட்டிப்போங்கள். தேர்வு நடுவே கழித்தால் பல இடங்களில் அதற்கே தோல்விதான்.

தேறாவிட்டால் எந்தப் பகுதியில் போனது என்று நடுவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும் நாயிடம் முகம் சுளிக்காமல், தண்ணீர் கொடுத்து, வழக்கமான தின்பண்டத்தையும் கொடுங்கள். என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. மைதானத்தை விட்டு வந்தால் திட்டு விழும் என்பதை மட்டும் கற்றுக்கொண்டால், அடுத்த முறை உள்ளே நுழையவே தயங்கும்.