முதல் பக்கத்துக்கு மட்டும் வேறு மார்ஜின்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லெட்டர்ஹெட் தாளில் முதல் பக்கத்துக்கு மேலே 7 செ.மீ. இடம் வேண்டும், அடுத்த பக்கங்களுக்கு 2.5 செ.மீ. போதும். வேர்டில் இதைச் செய்யப் போகும் புதியவர்கள் பலரும் இந்தக் குழிகளில்தான் விழுகிறார்கள். என்டர் தட்டித் தட்டி இடம் விடுவதை இங்கே பேசப்போவதில்லை.

ஓடும் உரைக்கு நடுவே செக்‌ஷன் பிரேக்

முதல் பக்கம் முடிகிற இடத்தில் 'நெக்ஸ்ட் பேஜ்' பிரேக் (ஆவணத்தைத் தனித்தனி அமைப்புள்ள பகுதிகளாக, அதாவது செக்‌ஷன்களாகப் பிரிக்கும் குறி) போட்டு, இரண்டு செக்‌ஷனுக்கும் தனித்தனி மார்ஜின் கொடுக்கிறார்கள். அப்போதைக்குச் சரியாகத்தான் தெரியும். பிறகு முதல் பக்கத்தில் இரண்டு வரி கூடினால், வழிந்த வரிகள் மட்டும் அதே 7 செ.மீ. மார்ஜினோடு தனிப் பக்கத்தில் நிற்கும். மீதி உரை மூன்றாம் பக்கத்துக்குப் போய்விடும். வரி குறைந்தாலோ பக்கத்தின் அடி வெறுமையாகக் கிடக்கும். பத்திக்கு நடுவே பிரேக் விழுந்திருந்தால் அது இரண்டு பத்தியாகவே உடையும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிரேக்கை நகர்த்துவது வீண் உழைப்பு. யாரும் இதைப் படவேண்டியதில்லை. உரை அந்தப் பக்கத்தோடு முடிந்துவிடும் அட்டைப் பக்கத்துக்குத்தான் இந்த வழி பொருந்தும்.

கடிதத்துக்கு அந்த மேல் இடத்தை ஹெடரில் (பக்கத்தின் தலைப்பகுதியில்) வையுங்கள். எல்லாப் பக்கத்துக்கும் மார்ஜின் 2.5 செ.மீ. இருக்கட்டும். பக்கத்தின் மேல்பகுதியை டபுள் கிளிக் செய்து 'டிஃபரன்ட் ஃபர்ஸ்ட் பேஜ்' டிக் செய்யுங்கள். முதல் பக்க ஹெடரின் வெற்றுப் பத்திக்கு, பாராகிராஃப் அமைப்பில் 'ஆஃப்டர்' 150 பாயின்ட் கொடுங்கள். ஹெடர் விளிம்பிலிருந்து 1.25 செ.மீ. தள்ளித் தொடங்கினால் உரை சுமார் 7 செ.மீ.யில் ஆரம்பிக்கும், அச்செடுத்துப் பார்த்து கூட்டிக் குறையுங்கள். ஹெடர் உயர்ந்தால் வேர்டு உரையைத் தானே கீழே தள்ளும், வரிகள் வழக்கம்போல அடுத்த பக்கத்துக்கு ஓடும். உரை நகரவில்லையா? மேல் மார்ஜின் எண்ணுக்கு முன் கழித்தல் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

இடப்பக்க மார்ஜினும் அதிகமாக வேண்டுமென்றால், அதே ஹெடரில் ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ் வைத்து 'ஸ்கொயர்' ராப்பிங் கொடுங்கள். உரை அதைச் சுற்றி விலகும்.

'டிஃபரன்ட் ஃபர்ஸ்ட் பேஜ்' மட்டும் போதும் என்று நினைப்பது

போதாது. அது முதல் பக்கத்தின் ஹெடரையும் ஃபுட்டரையும் (அடிப்பகுதியையும்) மட்டும் தனியாகப் பிரிக்கும், மார்ஜினைத் தொடாது.

'அப்ளை டு' பெட்டியைப் பார்க்காமல் ஓகே

பாருங்கள். மாற்றிய மார்ஜின் ஆவணத்தின் எந்தப் பகுதிக்கு என்பதை, மார்ஜின் அமைக்கும் இடத்திலுள்ள இந்தப் பெட்டிதான் முடிவு செய்யும்.

பிரேக்கை அழிப்பது

ஒரு செக்‌ஷனின் மார்ஜின் விவரம் அதன் முடிவிலுள்ள பிரேக்கில்தான் இருக்கிறது. அதை அழித்தால் முதல் பக்கம் அடுத்த செக்‌ஷனின் மார்ஜினுக்கு மாறிவிடும். உடனே கன்ட்ரோல் இசட்.

லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் 'டீஃபால்ட்' ஸ்டைலை மாற்றுவது

ரைட்டர், வேர்டு போன்ற இலவச மென்பொருள். அதில் 'டீஃபால்ட்' என்பது எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான பக்க அமைப்பு (பேஜ் ஸ்டைல்), அதை மாற்றினால் எல்லாப் பக்கமும் மாறும். எஃப்11 அழுத்தி, பேஜ் ஸ்டைல்களில் 'ஃபர்ஸ்ட் பேஜ்' மார்ஜினை மட்டும் திருத்துங்கள். 'நெக்ஸ்ட் ஸ்டைல்' என்பதில் டீஃபால்ட் இருக்க வேண்டும். கர்சரை முதல் பக்கத்தில் வைத்து 'ஃபர்ஸ்ட் பேஜ்' மேல் டபுள் கிளிக் செய்தால் போதும். பிரேக்கே தேவைப்படாது, உரையும் தடையின்றி ஓடும்.