ஆயுத பூஜைக் காணிக்கை: கட்டற்ற மென்பொருளுக்கு நன்கொடை தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் டிடிபி கடையில் ஆயுத பூஜை அன்று பிரிண்டருக்கும் கட்டிங் மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைப்போம். கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் இங்க்ஸ்கேப், பழைய போட்டோவைச் சரிசெய்யும் கிம்ப், மனு தட்டச்சு செய்யும் லிப்ரே ஆபீஸ் இவையும் எங்களுக்குச் சோறு போடும் கருவிகள்தான். யாரும் இலவசமாகப் பயன்படுத்தவும் நிரலைத் திருத்தவும் கூடிய கட்டற்ற மென்பொருள்கள் இவை. ஒரு ரூபாய் கேட்காமல் உழைக்கும் அவற்றுக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று, அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் 6 பேர் தலைக்கு 500 ரூபாய் போட்டு வருடம் ஒருமுறை நன்கொடை அனுப்புகிறோம். கொடுக்க மனம் வந்துவிட்டது. யாருக்கு என்பதில்தான் பலமுறை சறுக்கினோம்.

முதல் சறுக்கல், பெயரைப் பார்த்துக் கொடுப்பது. ஃபயர்பாக்ஸ் உலாவி வளரட்டும் என்று மொசில்லா அறக்கட்டளைக்குப் பணம் அனுப்புகிறவர்கள் உண்டு. ஃபயர்பாக்ஸை உருவாக்குவது அந்த அறக்கட்டளைக்குச் சொந்தமான மொசில்லா கார்ப்பரேஷன் என்ற தனி நிறுவனம். அதன் வருமானத்தில் பெரும்பகுதி தேடுபொறி ஒப்பந்தங்களிலிருந்து வருகிறது. அறக்கட்டளைக்குத் தரும் நன்கொடை இணைய உரிமைப் பிரசாரம், நிதியுதவி போன்ற பணிகளுக்குப் போகும். அதுவும் நல்ல வேலைதான், ஆனால் நீங்கள் நினைத்த வேலை அல்ல. அதே குடும்பத்தைச் சேர்ந்த மின்னஞ்சல் மென்பொருளான தண்டர்பேர்டோ பெரும்பாலும் பயனர் நன்கொடையில்தான் ஓடுகிறது.

எங்கள் பக்கம் இன்னொரு குழப்பமும் உண்டு. லிப்ரே ஆபீஸ் வைத்திருப்பவர்களே அதை ‘ஓப்பன் ஆபீஸ்’ என்பார்கள். 2010இலேயே இரண்டும் பிரிந்துவிட்டன. லிப்ரே ஆபீஸுக்குப் பின்னால் இருப்பது பெர்லினில் இயங்கும் டாக்குமென்ட் ஃபவுண்டேஷன். ஓப்பன் ஆபீஸ் இருப்பது அப்பாச்சி அறக்கட்டளையிடம். அப்பாச்சி, நிரல் எழுதுவதற்கென்று யாருக்கும் சம்பளம் தருவதில்லை. பட்டனை அமுக்குவதற்கு முன், உங்கள் கணினியில் இருப்பது எது என்று ஒருமுறை பாருங்கள்.

இவற்றைவிடப் பெரிய தவறு, திரையில் தெரிவதை மட்டும் நினைத்துக் கொடுப்பது. இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். பத்திரிகையில் ‘கொ’ என்று அடிக்கிறீர்கள். கணினிக்குள் அது முதலில் ‘க’, அடுத்து ஒகரக் குறி என இரண்டு எண்களாக இருக்கிறது. திரையில் கொம்பு ககரத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் வந்து நிற்க வேண்டும். அந்த ஒரு குறியைப் பிரித்து இருபுறமும் நிறுத்துவது ஹார்ஃப்பஸ் என்ற நிரலகம், அதாவது மற்ற மென்பொருள்கள் தங்களுக்குள் வைத்துப் பயன்படுத்தும் நிரல். லிப்ரே ஆபீஸ் 2017இல் வெளிவந்த 5.3 பதிப்பிலிருந்து எல்லா இயங்குதளங்களிலும் அதைத்தான் நம்பியிருக்கிறது. ஃபயர்பாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் அது உண்டு. தினமும் தமிழ் அடித்துப் பிழைக்கும் எங்களில் ஒருவருக்கும் பல வருடம் அந்தப் பெயர் தெரியாது.

பெயர் தெரியாத நிரல்கள் பட்டினி கிடந்தால் என்ன ஆகும் என்பதை 2014 ஏப்ரலில் உலகமே பார்த்தது. இணையத்தின் பெரும்பகுதியைப் பாதுகாத்துவந்த ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ‘ஹார்ட்பிளீட்’ ஓட்டை வெளிப்பட்டது. அதுவரை அந்தத் திட்டத்துக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை வருடத்துக்குச் சுமார் 2,000 டாலர்தான். முழுநேரமாக உழைத்தவர் ஒரே ஒருவர். 2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியில் புறவாசல் (திருட்டுத்தனமாக உள்ளே நுழையும் வழி) வைக்கப்பட்டது தெரியவந்தபோதும் அதே கதைதான். சம்பளமில்லாமல் தனியாகச் சுமந்துகொண்டிருந்த பராமரிப்பாளரிடம் உதவுவதுபோல் ஒருவர் வந்து, பொறுமையாக நம்பிக்கையைப் பெற்று உள்ளே நுழைந்திருந்தார். ஆகவே செய்தி வந்தபின் ஓடாமல், இன்றே சினாப்டிக்கில் (லினக்ஸில் மென்பொருள் நிறுவும் கருவி) நீங்கள் தினமும் திறக்கும் மென்பொருள் பொதியின் சார்புகள் பட்டியலை, அதாவது அது நம்பியிருக்கும் மற்ற நிரல்களின் பட்டியலைப் பாருங்கள். அதில் எது ஓரிருவர் தோளில் நிற்கிறது என்று தேடுங்கள்.

திட்டத்துக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்காமல் கொடுப்பதும் நாங்கள் செய்த பிழைதான். பழைய பாமினி எழுத்துருவில் அடித்ததை யூனிகோடாக மாற்றும் ஒரு சிறிய கருவிக்கு இரண்டாம் வருடம் பணம் அனுப்பினோம். நன்கொடைப் பட்டன் வேலை செய்தது, ஆனால் பட்டனுக்குப் பின்னால் யாரும் இல்லை. நாங்கள் எழுதிய பிழை அறிக்கை இன்றும் பதிலில்லாமல் கிடக்கிறது. புதிய பதிப்பு வரவில்லை என்பதற்காக மட்டும் எதையும் ஒதுக்கிவிடாதீர்கள், சில சின்னக் கருவிகள் முழுமை பெற்றே நிற்கின்றன. பயனர் கேட்கும் கேள்விக்கு யாராவது பதில் சொல்கிறார்களா என்பதைப் பாருங்கள்.

அடுத்து, பணம் போகும் வழி. 3,000 ரூபாயைப் பத்துத் திட்டங்களுக்கு 300, 300 என்று பிரித்தால், ஒவ்வொரு முறையும் பிடிக்கும் கட்டணமே கணிசமாகத் தின்றுவிடும். டாலரில் கொடுத்தால் பல கார்டுகளில் 3.5 சதவீதம் வரை கூடுதல் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் உண்டு. மாதாமாதம் தானாகப் பிடித்துக்கொள்ளட்டும் என்றும் விட முடியாது. 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கி விதி மாறியபின், வெளிநாட்டுத் தொடர்கட்டணங்கள் பல கார்டுகளில் நின்றுபோயின. எங்களுக்கும் நின்றது, மூன்று மாதம் கழித்துத்தான் கவனித்தோம். வருடத்துக்கு ஒரே தொகையாகக் கொடுப்பது நல்லது. வெளிநாட்டு அமைப்புக்குத் தருவதற்கு 80ஜி வரிக்கழிவு கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இங்க்ஸ்கேப்புக்குத் தரும் பணம், திட்டங்களுக்காக நிதியைக் கையாளும் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற அமைப்பு வழியாகப் போகிறது. அவர்கள் 10 சதவீதம் எடுத்துக்கொள்கிறார்கள். லினக்ஸ் வகை இயங்குதளமான டெபியனுக்காக நிதி வாங்கும் எஸ்பிஐ (நம் ஸ்டேட் பாங்க் அல்ல, அமெரிக்க அமைப்பு) எடுப்பது 5 சதவீதம். இதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். கணக்கெழுதவும் வரித் தாக்கலுக்கும் வழக்கறிஞருக்கும் ஆள் இருப்பதால்தான் நிரல் எழுதுகிறவர் நிரல் மட்டும் எழுத முடிகிறது.

கடைசியாக, பக்கத்தில் இருப்பவர்களை மறப்பது. புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் இருக்கிறது. விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்குப் பயிற்சி தருகிறது. தமிழ்க் கணிமைக்குக் கணியம் அறக்கட்டளை உழைக்கிறது. ரூபாயிலேயே கொடுக்கலாம், நேரில் போய்க் கேள்வியும் கேட்கலாம். 80ஜி சான்று உண்டா என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

இந்த வருடம் எங்கள் 3,000 ரூபாயை இரண்டாக மட்டுமே பிரிக்கிறோம். பாதி இங்க்ஸ்கேப்புக்கு என்று முடிவாகிவிட்டது. மீதி விழுப்புரத்துக்கா, கணியத்துக்கா என்பதைப் பூஜை முடிந்து பொரிகடலை பிரிக்கும்போது பேசிக்கொள்வோம்.