மாணவர் எழுதும் அரசியல் கட்டுரை எங்கே சறுக்குகிறது?

கல்லூரி மாணவர் ஒருவர் அரசியல் எழுதினால் படிப்பவர் முதலில் வயதைத்தான் பார்ப்பார். 'இந்த வயதில் என்ன தெரிந்துவிடும்' என்ற நினைப்போடு படிக்கிறவர் கையில் ஒரு தப்பான ஆண்டோ ஒரு தப்பான சதவீதமோ சிக்கினால் போதும், மிச்சத்தைப் படிக்காமலே மூடிவிடுவார். கருத்து எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அப்போது உதவாது. மாணவர் கட்டுரைகளில் திரும்பத் திரும்பத் தென்படும் பிழைகள் பெரும்பாலும் தகவலைக் கையாளும் விதத்தில் வருகிறவை. அவற்றை எழுதும் முன்பே தவிர்க்கலாம்.

தலைப்பு பெரிது, கட்டுரை சிறிது

'நாடு எங்கே போகிறது', 'ஜனநாயகத்தின் எதிர்காலம்' போன்ற தலைப்புகள் 800 சொற்களில் அடங்காது. அடக்கப் பார்த்தால் எல்லோரும் ஏற்கெனவே கேட்டுச் சலித்த பொதுப்பேச்சுதான் மிஞ்சும். ஒரு கட்டுரைக்கு ஓர் அரசாணை, ஒரு வாக்கெடுப்பு, ஒரு தீர்ப்பு, ஓர் எண் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 'கல்வி வணிகமாகிவிட்டது' என்று எழுதினால் யாரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். 'விலைவாசி ஏறிக்கொண்டே போகிறது, உதவித்தொகைக்கான வருமான வரம்பு மட்டும் பல ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது' என்று எழுதினால் அதைச் சரிபார்க்கலாம், மறுக்கலாம், பேசலாம்.

ஒரு சோதனை: சொல்ல வருவதை 15 சொற்களுக்குள் ஒரே வாக்கியமாக எழுதிப் பாருங்கள். விவரம் தெரிந்த, நேர்மையான ஒருவர் அதற்கு 'இல்லை' என்று சொல்ல வாய்ப்பு உண்டா? 'ஊழல் ஒழிய வேண்டும்' என்பதை எவர் மறுப்பார்? மறுக்க ஆளில்லாத வாக்கியத்தை நிரூபிக்கக் கட்டுரை எதற்கு?

கட்டணம், விடுதி, தேர்வு முறை, வாக்காளர் பட்டியலில் முதல்முறை பெயர் சேர்ப்பது, பட்டம் முடித்ததும் வேலை தேடுவது ஆகியவற்றில் மூத்த பத்திரிகையாளருக்கும் இல்லாத நெருக்கம் மாணவருக்கு உண்டு. அதை ஒதுக்கிவிட்டு முதல் கட்டுரையிலேயே வெளியுறவுக் கொள்கைக்குத் தீர்ப்பு எழுதப் போவது வழக்கமான ஆசை. சாட்சியாக நிற்கக்கூடிய இடத்திலிருந்து தொடங்குவதே புத்திசாலித்தனம்.

முதல் மணி நேரத்தில் எழுதுவது

2013 ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பு நடந்தபோது, ரெடிட் தளத்தில் பயனர்கள் தாங்களே துப்பறியத் தொடங்கி, காணாமல் போயிருந்த ஒரு கல்லூரி மாணவரைக் குற்றவாளி என்று சுட்டிக்காட்டினார்கள். அவருக்கும் சம்பவத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மகனைத் தேடிக்கொண்டிருந்த குடும்பத்தின் மீதுதான் வசைகள் விழுந்தன. பின்னர் அவர் இறந்து கிடந்தது தெரியவந்தது.

அவசரச் செய்தியில் 'எங்கே, எப்போது' என்பது சீக்கிரம் உறுதியாகும். 'எத்தனை பேர்' என்பது நாள் முழுக்க மாறும். 'யார், ஏன்' என்பது கடைசியில்தான் தெரியும். மாணவர் எழுத்து பெரும்பாலும் 'ஏன்' என்பதிலிருந்தே தொடங்குகிறது, சிக்கலே அங்குதான். குறைந்தது 24 மணி நேரம் காத்திருங்கள். காத்திருக்க முடியாவிட்டால் 'இது 12ஆம் தேதி மாலை 6 மணி நிலவரம்' என்று மேலேயே குறித்துவிட்டு, உறுதியானதை ஒரு பத்தியிலும் உறுதியாகாததை இன்னொரு பத்தியிலும் எழுதுங்கள்.

ஆணையைப் படிக்காமல் ஆணையைத் திட்டுவது (அல்லது புகழ்வது)

தொலைக்காட்சி விவாதத்தையும் நான்கு ஸ்கிரீன்ஷாட்டுகளையும் வைத்துக்கொண்டு ஒரு சட்டத்தைப் பற்றி எழுதுவது பரவலான பழக்கம். மூல ஆவணம் பெரும்பாலும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். பல ஆணைகள் ஐந்தாறு பக்கத்தைத் தாண்டுவதில்லை. படிக்கும்போது மூன்று இடங்களைத் தேடுங்கள்: சொற்களுக்கு விளக்கம் தரும் பிரிவு, விதிவிலக்குகள், எந்த நாளிலிருந்து நடைமுறை என்ற வரி. விவாதங்களில் அடிபடும் கேள்விகளில் பாதிக்கு அங்கேயே பதில் இருக்கும்.

நடைமுறைத் தேதியை அலட்சியம் செய்வதால் வரும் பிழை தனி வகை. மசோதா அறிமுகமாவது, அவையில் நிறைவேறுவது, ஒப்புதல் பெறுவது, நடைமுறைக்கு வருவது, விதிகள் வெளியாவது என்று படிகள் வேறு வேறு. இந்தியாவின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் 2019 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2020 ஜனவரி 10 முதல் நடைமுறை என்று அறிவிக்கப்பட்டது. விதிகள் 2024 மார்ச்சில்தான் வந்தன. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் 'சட்டம் அமலாகிவிட்டது' என்று எழுதியவரும் 'இன்னும் அமலாகவில்லை' என்று எழுதியவரும் ஆளுக்கு ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எந்தப் படியைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லியிருந்தால் அந்தச் சண்டையில் பாதி குறைந்திருக்கும்.

பட்ஜெட்டுக்கும் இதே கதைதான். அறிவித்த தொகை வேறு, ஆண்டு நடுவில் திருத்திய மதிப்பீடு வேறு, உண்மையில் செலவானது வேறு. செலவுக் கணக்கு ஓராண்டுக்கு மேல் கழித்தே வரும். அறிவிப்பை வைத்து 'அரசு செலவிட்டது' என்று எழுதக் கூடாது.

நீதிமன்றச் செய்தியில் சொற்களைக் குழப்பினால் சட்டச் சிக்கலிலேயே கொண்டுபோய் விடும். விசாரணையின்போது நீதிபதி வாய்மொழியாகச் சொல்வது தீர்ப்பாகாது. இடைக்காலத் தடை விதித்தால் சட்டம் ரத்தாகிவிட்டதாக ஆகாது. ஜாமீன் கிடைத்தவர் விடுதலையானவர் அல்ல, வழக்குப் பதிவானவர் குற்றவாளியும் அல்ல. பிடிக்காத கட்சிக்காரர் என்றால் 'குற்றவாளி', பிடித்தவர் என்றால் 'பொய் வழக்கில் சிக்கவைக்கப்பட்டவர்' என்று கை தானாக எழுதும். இரண்டு பேருக்கும் 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்ற ஒரே சொல்லைப் போடுங்கள்.

எண்களில்தான் அதிகம் வழுக்கும்

முதலில் சதவீதமும் சதவீதப் புள்ளியும். வேலையின்மை 4 சதவீதத்திலிருந்து 6 சதவீதமானால் உயர்வு 2 சதவீதப் புள்ளிகள். அதையே '50 சதவீத உயர்வு' என்றும் சொல்லலாம், கணக்கில் தப்பில்லை. '2 சதவீதம் உயர்ந்தது' என்றால்தான் தப்பு. '200 சதவீத உயர்வு' என்று எங்காவது பார்த்தால் எதிலிருந்து என்று கேளுங்கள். 2 சம்பவங்கள் 6 ஆனாலும் 200 சதவீத உயர்வுதான்.

பணவீக்கம் குறைந்தது என்றால் விலை குறைந்தது என்று பொருள் கொள்வது அடுத்தது. 100க்கு விற்ற பொருள் 8 சதவீதப் பணவீக்கத்தில் 108 ஆகிறது. அடுத்த ஆண்டு பணவீக்கம் 4 சதவீதமாகப் பாதியாகிறது. விலையோ ஏறக்குறைய 112. ஏறும் வேகம்தான் தணிந்தது. எனவே 'பணவீக்கம் குறைந்தது' என்று அமைச்சர் சொல்வதும் 'விலை ஏறிக்கொண்டே போகிறது' என்று வாங்குபவர் புலம்புவதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். ஒருவரைப் பொய்யராக்கிக் கட்டுரை எழுதுவதற்கு முன் இதைப் பாருங்கள். பற்றாக்குறையும் கடனும் இப்படித்தான் குழம்பும். பற்றாக்குறை என்பது ஓராண்டில் விழும் துண்டு, கடன் என்பது பல ஆண்டுகளாகச் சேர்ந்த மொத்தம். பற்றாக்குறை குறைந்த ஆண்டிலும் கடன் ஏறத்தான் செய்யும்.

தேர்தல் கணக்கில் வாக்கு விகிதத்தையும் இடங்களையும் வசதிக்கேற்ப மாற்றிப் போடுவது நடக்கிறது. இந்தியாவில் 2014 மக்களவைத் தேர்தலில் பாரதிய ஜனதா கட்சி ஏறத்தாழ 31 சதவீத வாக்குகளோடு 543இல் 282 இடங்களைப் பிடித்தது. பிரிட்டனில் 2024இல் தொழிற்கட்சி 33.7 சதவீத வாக்குகளோடு 650இல் 411 இடங்களை வென்றது. அதே தேர்தலில் ரிஃபார்ம் கட்சிக்கு 14.3 சதவீத வாக்கு, வெறும் 5 இடங்கள். அதைவிடக் குறைவாக 12.2 சதவீதம் பெற்ற லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 72. வாக்கு எங்கே குவிந்தது, எங்கே சிதறியது என்பதே இந்த வித்தியாசத்துக்குக் காரணம். 'மக்கள் அமோக ஆதரவு' என்று எழுதுகிறவர் இடங்களை மட்டும் சொல்வார், 'மூன்றில் இரண்டு பங்கு மக்கள் எதிர்த்தார்கள்' என்கிறவர் வாக்கை மட்டும் சொல்வார். இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்னொன்று: 31 சதவீதம் என்பது பதிவான வாக்குகளில், அந்தத் தேர்தலில் வாக்களித்தவர்களே சுமார் 66 சதவீதம்தான். மொத்த வாக்காளர்களில் பார்த்தால் ஐந்தில் ஒருவர் என்று வரும். எதை எதனால் வகுத்தோம் என்பது எல்லாச் சதவீதத்துக்கும் பொருந்தும் கேள்வி.

கருத்துக்கணிப்பு. 1,000 பேரைச் சீராகத் தேர்ந்தெடுத்துக் கேட்டால் பிழை எல்லை, அதாவது கணிப்பு உண்மையிலிருந்து விலகியிருக்கக்கூடிய அளவு, கூடவோ குறையவோ சுமார் 3 சதவீதப் புள்ளிகள். ஒரு கட்சிக்கு 44, இன்னொன்றுக்கு 41 என்றால் முதல் கட்சி முந்துகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தின் பிழை எல்லை ஏறக்குறைய இரு மடங்கு. அந்த 1,000 பேரில் 18 முதல் 25 வயதுக்காரர்கள் 150 பேர் என்றால் அவர்கள் பதிலுக்குப் பிழை எல்லை 8 புள்ளிகள் வரை போகும். 'இளைஞர்கள் பக்கம் மாறினார்கள்' என்ற தலைப்புச் செய்திகள் பல இப்படிப்பட்ட சிறு துண்டுகளிலிருந்து பிறப்பவை. பிழை எல்லையைத் தோராயமாகக் கணக்கிட, கேட்டவர்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் 100ஐ வகுத்தால் போதும்.

அதற்காக, நிறையப் பேரைக் கேட்டால் சரியாகிவிடும் என்றும் நம்ப வேண்டாம். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் சுமார் 1 கோடி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. ஏறக்குறைய 24 லட்சம் திரும்பி வந்தன. லாண்டன் வெல்வார் என்றது இதழ். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளினார். தொலைபேசிப் பட்டியல், கார் பதிவுப் பட்டியல் போன்றவற்றிலிருந்து பெயர் எடுத்ததால் வசதியானவர்களே அதிகம் அகப்பட்டார்கள். திருப்பி அனுப்பும் ஆர்வமும் ஒரு பக்கத்தாருக்கு அதிகமாக இருந்தது. ஏறத்தாழ 50,000 பேரை மட்டும் கேட்ட காலப் நிறுவனம் வெற்றியாளரைச் சரியாகச் சொன்னது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நடத்தும் வாக்கெடுப்புக்கும் இதே குறை உண்டு. அதை 'மாணவர் மனநிலை' என்று எழுத முடியாது, 'எங்கள் குழுவில் பதில் சொன்ன 43 பேர்' என்று எழுதலாம்.

படம், மேற்கோள், சாட்பாட்

பழைய படம் புதிய செய்தியோடு சுற்றுவதுதான் இன்றும் எளிய ஏமாற்று. படத்தைக் கொண்டே தேட உதவும் கூகுள் லென்ஸிலும் டின்ஐ (TinEye) தளத்திலும் படத்தைப் போட்டுப் பாருங்கள். டின்ஐயில் 'மிகப் பழையது' என்று வரிசைப்படுத்தினால் முதலில் எப்போது வந்தது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். வீடியோவுக்கு மூன்று நான்கு இடங்களில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து இதையே செய்யலாம். 20 விநாடித் துண்டு என்றால் முழு உரையைத் தேடி, அந்த வரிக்கு முன்னும் பின்னும் இரண்டு நிமிடம் கேளுங்கள். 'சிலர் இப்படிச் சொல்கிறார்கள்' என்று தொடங்கிய வாக்கியத்தின் முதல் பாதியை வெட்டினால் எவரையும் எதையும் சொல்லவைக்கலாம்.

'நீ சொல்வதை ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்' என்பது பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்டேர் பெயரில் மாணவர் கட்டுரைகளில் தவறாமல் வரும். அதை எழுதியவர் ஈவ்லின் பீட்ரிஸ் ஹால் என்ற எழுத்தாளர். வால்டேரின் மனப்போக்கைச் சுருக்கிச் சொல்ல 1906இல் அவர் அமைத்த வாக்கியம் அது. எந்த உரை, எந்த ஆண்டு என்று காட்ட முடியாத மேற்கோளை எடுத்துவிடுங்கள். கட்டுரைக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

சாட்பாட்டிடம் ஆதாரம் கேட்டு அப்படியே ஒட்டுவது புதிய நோய். இல்லாத தீர்ப்புகளைச் சாட்ஜிபிடி சொன்னபடி மனுவில் எழுதிய வழக்கறிஞர்களுக்கு 2023இல் நியூயார்க் நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. தேடத் துவங்க அது உதவலாம். ஆனால் அது தரும் பெயர், தேதி, பக்க எண் எதையும் மூலத்தைத் திறந்து பார்க்காமல் எழுதக் கூடாது.

முன்பின் தெரியாத தளத்தை எடைபோடும் முறையிலும் தப்பு நடக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 10 தகவல் சரிபார்ப்பாளர்கள், 10 வரலாற்று அறிஞர்கள், 25 மாணவர்கள் ஒரே தளங்களை மதிப்பிட்டார்கள். மாணவர்களும் அறிஞர்களில் பலரும் அதே பக்கத்தில் மேலும் கீழும் நகர்ந்து, லோகோவையும் நேர்த்தியான வடிவமைப்பையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் உடனே உலாவியில் வேறு டேப்களைத் திறந்து, அந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர்கள் அவர்கள்தான்.

எதிர்த்தரப்பும் 'நானும்'

எதிர்க்கருத்தில் மிகப் பலவீனமான ஆளை, அதாவது ஏதோ ஒரு பின்னூட்டக்காரரைப் பிடித்து அடிப்பது சுலபம். அப்படி எழுதினால் ஏற்கெனவே ஒத்துப்போகிறவர்கள் மட்டும் கைதட்டுவார்கள். எதிர்த்தரப்பின் வாதத்தை மூன்று வரியில் எழுதி, அந்தப் பக்கத்து நண்பரிடம் காட்டுங்கள். 'ஆமாம், இதைத்தான் சொல்கிறேன்' என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகு மறுப்பை எழுதுங்கள். மறுப்பு கொஞ்சம் மாறியிருக்கும்.

சொந்தக் கருத்தை 'மக்கள் கொதித்துப் போயிருக்கிறார்கள்' என்று மறைக்கத் தேவையில்லை. 'எனக்கு இது அநியாயமாகப் படுகிறது' என்பது நேர்மையான வாக்கியம். ஏதேனும் அமைப்பில் உறுப்பினராக இருந்தாலோ, வீட்டில் யாராவது கட்சிப் பொறுப்பில் இருந்தாலோ முதல் பத்தியிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பிறகு மற்றவர் தோண்டி எடுத்தால் கட்டுரையில் உள்ள உண்மைகளும் சேர்ந்து சந்தேகத்துக்குள்ளாகும். வகுப்பு நண்பர் தனிப்பேச்சில் சொன்னதை அவர் அனுமதியின்றிப் பெயரோடு எழுத வேண்டாம். பெயரை மாற்றினாலும் துறை, ஊர், ஆண்டு மூன்றையும் போட்டால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பிழை தெரிந்த பிறகு

சத்தமில்லாமல் அழிப்பது மோசமான வழி. ஸ்கிரீன்ஷாட் யாரிடமாவது இருக்கும். தவறான வரி எது, சரியானது எது, எந்தத் தேதியில் திருத்தினோம் என்று கட்டுரையின் மேலேயே எழுதுங்கள். எழுத்துப்பிழைக்கு இது வேண்டாம்; எண், பெயர், தேதி, மேற்கோள் மாறினால் கட்டாயம் வேண்டும். ஆதாரமாகக் காட்டிய பக்கங்களை வெளியிடும் நாளிலேயே, இணையப் பக்கங்களின் நகலைக் காக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமித்துவைத்துவிடுங்கள். செய்தித்தளங்கள் தலைப்பை மாற்றும், அரசுத் தளங்களில் இணைப்பு செத்துப்போகும், அமைச்சர் பதிவை நீக்குவார். ஆறு மாதம் கழித்து யாராவது 'இது எங்கே சொன்னார்கள்?' என்று கேட்கும்போது அந்தச் சேமித்த பக்கம்தான் கையில் இருக்கும்.