ஹிரோஷிகேயின் மழையை எப்படிப் பார்க்கக் கூடாது

ஜப்பானிய மர அச்சுப் படத்தைக் காட்டினால் நம்மில் பலர் முதலில் கேட்பது, "இதோட ஒரிஜினல் எங்கே இருக்கு?" என்பதுதான். தவறே அங்கேதான் தொடங்குகிறது.

ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே 1833-34 வாக்கில், எடோவையும் (இன்றைய டோக்கியோ) கியோட்டோவையும் இணைத்த தொக்கைடோ நெடுஞ்சாலையின் ஊர்களை ஒரு வரிசையாகப் படம் போட்டார். அதில் ஒன்று 'ஷோனோ', அந்த ஊரில் கொட்டும் திடீர் மழை. அதற்கு ஒரே ஒரு ஒரிஜினல் கிடையாது. செர்ரி மரப் பலகைகளில் செதுக்கி, நிறம் நிறமாக அச்சடித்து, சாதாரண ஜனங்களுக்கு விற்ற சரக்கு. ஹிரோஷிகே வரைந்து கொடுத்தார், சரி. ஆனால் அந்தச் சாய்ந்த மழைக்கோடுகளை மயிரிழை மேடாக நிறுத்தி, சுற்றிலும் மரத்தைச் சீவி எடுத்தவர் வேறொருவர்.

அச்சடிப்பவரையும் மறந்துவிடுகிறோம். வானத்துக் கறுப்பு மெல்லக் கரைவது பலகையிலேயே மையை ஈரத்தோடு துடைத்துக் கொண்டுவருவது, ஒவ்வொரு தாளுக்கும் புதிதாக. அதே வரிசையின் 'கம்பாரா' படத்தில், பனி கொட்டிக் கிடக்கும் இரவில், சில பிரதிகளில் வானம் உச்சியில் கறுத்திருக்கும், சிலவற்றில் கீழே. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு ஹிரோஷிகேயின் வானம் இப்படித்தான் என்று அடித்துச் சொல்லாதீர்கள். அப்புறம், கம்பாரா இதமான கடலோர ஊர், அவ்வளவு பனி அங்கே அபூர்வம். அதனால் படத்தை ஊரின் போட்டோவாகவும் எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொன்று, நிழல் இல்லை, ஆழம் இல்லை என்று குறைப்படுவது. ஷோனோவில் காற்றில் வளையும் தோப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், வெளிக்கோடே இல்லாமல் சாம்பல் நிறத்தின் மூன்று அடர்த்திகளில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும், தூரம் அதிலேயே வந்துவிடுகிறது. கீழே சரிவில் டோலி தூக்குபவர்கள் முக்கிக்கொண்டு ஏறுகிறார்கள், எதிரே குடைக்காரர் ஒருவர் தலையைக் குனிந்தபடி ஓடி இறங்குகிறார். அந்தக் குடையில் இருக்கும் எழுத்து பதிப்பாளர் தகெனோஊச்சியின் பெயர். மழையிலும் விளம்பரம்! கவிதை, ஜென் என்று உருகுகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

பழைய பிரதி கைக்கு வந்தால் வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள், சாயம் வெளுத்துவிடும். ஃபிரேமுக்குள் அடங்க ஓரத்தை வெட்டவும் வேண்டாம். மாட்டுவதற்கு முன் ஒருமுறை திருப்பிப் பாருங்கள், தாளின் முதுகில் அச்சடித்தவர் அழுத்தித் தேய்த்த தடம் இருக்கும்.