பழைய பட்ஜெட் லேப்டாப்: எஸ்எஸ்டி போட்டுத் தேற்றுவதா, வேறு வாங்குவதா?

2015-லிருந்து 2019 வரை விற்ற பட்ஜெட் லேப்டாப்களில் பெரும்பாலானவை ஒரே வார்ப்புதான்: 15.6 இன்ச் திரை, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். இவை இன்று திணறுவதற்குப் பல நேரம் பிராசஸர் காரணமே இல்லை. நிமிடத்துக்கு 5,400 சுற்று மட்டுமே சுற்றும் அந்த ஹார்ட் டிஸ்க்தான். "ரொம்ப ஸ்லோ" என்பதற்காக மட்டும் புதுசு வாங்கக் கிளம்பாதீர்கள். முதலில் இதைப் பாருங்கள்.

படி 1: எது திணறுகிறது?

ஆன் செய்து பத்து நிமிடம் சும்மா விடுங்கள். பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். எதுவும் திறக்காதபோதே டிஸ்க் 100%-ல் நின்றால் எஸ்எஸ்டி (சுற்றும் பாகமே இல்லாத வேகமான டிஸ்க்) போட்டாலே பாதிக்கு மேல் சரியாகும். நாலைந்து டேப் திறந்ததும் மெமரி 90%-ஐத் தொட்டால் ரேம் போதவில்லை. இரண்டும் சாதாரணமாக இருந்து சிபியு மட்டும் 100%-ல் நின்றால், ஃபேனில் தூசியைத் தட்டி தெர்மல் பேஸ்ட்டை (சிப்பின் சூட்டைக் கடத்தும் பசை) மாற்றிப் பாருங்கள். அதன் பிறகும் அப்படியே என்றால், அது இரண்டு கோர் செலரான் போன்ற மலிவான சிப்பாக இருந்தால், அதற்குமேல் செலவு செய்ய வேண்டாம்.

டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளையும் ஓட்டுங்கள். மஞ்சளில் 'காஷன்' என்று காட்டினால் மற்ற வேலையெல்லாம் அப்புறம். முதலில் போட்டோ, ஃபைல்களை வெளியே காப்பி எடுங்கள்.

படி 2: செலவு செய்யவே கூடாத லேப்டாப்கள்

சேமிப்பிடம் 32 அல்லது 64 ஜிபி இஎம்எம்சி என்றால் அது போர்டிலேயே சால்டர் செய்தது, மாற்ற முடியாது. ஹின்ஜைப் (மூடியின் கீல்) பிடித்திருக்கும் பித்தளை மரைகள் பிளாஸ்டிக்கோடு பிடுங்கி வந்திருந்தால் பசை நிற்காது. மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் முழு விசையும் அந்த இடத்தில்தான் விழும். பாடி பாகம் கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

டச்பேட் மேலே எழும்பி, லேப்டாப் மேஜையில் ஆடுகிறதா? பேட்டரி உப்பியிருக்கிறது. உடனே ஆஃப் செய்து சார்ஜரைக் கழற்றுங்கள். அழுத்தி மூடவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது. பழைய 5-ஆம் தலைமுறை ஐ3-இல் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டால் படிக்கவும் டைப் செய்யவும் தாராளமாகப் போதும். டேலி, அடோபி என்று விண்டோஸையே நம்பியிருப்பவர்கள் லேப்டாப்பை மாற்றிவிடுவதே நல்லது.

பழுதுச் செலவு, நல்ல ரீஃபர்பிஷ்டு (சரிபார்த்து மறுபடி விற்கும் பழைய) லேப்டாப் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள். எஸ்எஸ்டி மட்டும் விதிவிலக்கு: லேப்டாப் போனாலும் அதை யுஎஸ்பி கேஸில் போட்டு வெளி டிஸ்க்காக வைத்துக்கொள்ளலாம்.

படி 3: ரேமும் எஸ்எஸ்டியும் மாட்டுவது

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ரேம்தான். டிடிஆர்4 வகை ரேம் டிடிஆர்3 ஸ்லாட்டில் நுழையாது. வெட்டு இருக்கும் இடம் வேறு. ஆனால் டிடிஆர்3-யும் டிடிஆர்3எல்-லும் ஒரே வெட்டு. முன்னது 1.5 வோல்ட், பின்னது 1.35 வோல்ட். டிடிஆர்3எல் ஸ்லாட்டோடு வரும் 4-ஆம் தலைமுறை, அதற்குப் பிந்தைய இன்டெல் 'யு' வகை (பெயர் 'யு' என்று முடியும்) சிப்களில் 1.5 வோல்ட் ரேம் அழகாக உட்காரும். லேப்டாப் மட்டும் ஆன் ஆகாது. கடைக்குப் போகும்போது பழைய ரேமையே கையில் கொண்டுபோங்கள். ஸ்டிக்கரில் 'பிசி3எல்' என்றிருந்தால் புதியதிலும் அந்த 'எல்' இருக்க வேண்டும்.

ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் செய்யுங்கள். அப்போதுதான் முழுதாக அணையும். அடாப்டரைக் கழற்றி, அடிமூடியைத் திறந்ததும் முதல் வேலையாகப் பேட்டரி கனெக்டரைப் பிடுங்குங்கள். ஸ்க்ரூக்களைக் கழற்றிய வரிசைப்படி ஒரு தாளில் வையுங்கள். குட்டை ஓட்டையில் நீள ஸ்க்ரூவை முறுக்கினால் கீபோர்டு பக்கம் துளைத்துக்கொண்டு வரும். ரேமைச் சுமார் 30 டிகிரி சாய்வில் உள்ளே தள்ளுங்கள். தங்கநிறப் பற்கள் ஏறக்குறைய மறைந்த பிறகே கீழே அழுத்த வேண்டும். இரண்டு பக்கக் கிளிப்பும் 'டிக்' என்று பிடிக்கும். முதல் முறை ஆன் செய்யும்போது திரை ஒரு நிமிடம்வரை கருப்பாக இருக்கலாம், பொறுங்கள். அதற்கும் மேல் என்றால் ரேம் முழுதாக உட்காரவில்லை. கழற்றி மறுபடி மாட்டுங்கள்.

எஸ்எஸ்டி 2.5 இன்ச், 7 மிமீ. பழைய டிஸ்க்கின் தகர ஃபிரேமை மாற்றி மாட்டினால் முடிந்தது. பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து (குளோன்) போடுவதைவிட 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸை ஏற்றிப் புதிதாக இன்ஸ்டால் செய்வதே மேல்.

படி 4: வேறு வாங்குவதென்றால்

குறைந்தது 8 ஜிபி ரேமும் காலியாக ஒரு ஸ்லாட்டும் பாருங்கள். ரைசன் 5 7520யு என்ற பெயரில் ஏமாறாதீர்கள். மூன்றாவது எண் 2 என்றால் உள்ளே இருப்பது ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு. 7530யு-வில் ஜென் 3. 7520யு வரும் லேப்டாப்களில் ரேம் சால்டர் செய்ததாகவே இருக்கும், பிறகு கூட்ட முடியாது.

குறைந்த பட்ஜெட்டில் என் பரிந்துரை ரீஃபர்பிஷ்டு திங்க்பேட் டி480 அல்லது லேட்டிட்யூட் 5490. இரண்டிலும் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை பிராசஸர் (சிலவற்றில் 7-ஆம் தலைமுறை, பார்த்து வாங்குங்கள்), இரண்டு ரேம் ஸ்லாட். பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) நுழைந்து பாஸ்வேர்டு கேட்கிறதா என்று பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

பிறகு சேர்த்தது: முன்பு ஏதோ நிறுவனம் பயன்படுத்திய லேப்டாப் சிலருக்குப் பூட்டோடு வந்திருக்கிறது. கடையில் எல்லாம் சரியாக ஓடும். வீட்டில் ரீசெட் செய்து இன்டர்நெட் கொடுத்ததும் அந்த நிறுவனத்தின் லாகின் கேட்டு நின்றுவிடும். அதனால் கடையிலேயே ரீசெட் செய்யச் சொல்லி, உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, செட்டப் டெஸ்க்டாப் வரை போகிறதா என்று பாருங்கள்.