மூணாறு கண்ணால் குல்மார்க் வானத்தைப் படிக்காதீர்கள்: பனி முன்னறிவிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரி பிறந்தால் மூணாறின் செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட் புல்மேடுகளில் உறைபனி படர்வதும், அதைப் பார்க்க விடியுமுன்னே ஜீப்புகள் வரிசை கட்டுவதும் நமக்குப் பழகிய காட்சி. இப்போது நம் பிள்ளைகள் பலர் பனிச்சறுக்கான ஸ்கீ பழக காஷ்மீரின் குல்மார்க்குக்கும் உத்தராகண்டின் ஔலிக்கும் கிளம்புகிறார்கள். மலையில் பிறந்தவர்கள், குளிரும் மழையும் அறிந்தவர்கள். ஆனால் பனிமலையின் முன்னறிவிப்பைப் படிக்கும்போது அந்த அறிவே சில இடங்களில் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும்.

குளிர் கூடினால் பனி கொட்டும் என்று நம்புவதுதான் முதல் தவறு. மூணாறில் உறைபனிக்கு வேண்டியது தெளிந்த வானமும் காற்றில்லாத இரவும். தரை தன் வெப்பத்தை வானுக்கு விட்டுவிட, குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கி, புல்நுனி உறைகிறது. பனிப்பொழிவுக்கோ மேகமும் ஈரமும் வேண்டும். காஷ்மீருக்கு அந்த ஈரத்தைக் கொண்டுவருபவை மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிளம்பி மேற்கிலிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் எனப்படும் காற்றழுத்தத் தாழ்வுகள். அவை வராவிட்டால் எவ்வளவு குளிர்ந்தாலும் தரை காய்ந்தே கிடக்கும். டிசம்பர் 21 முதல் 40 நாட்கள் அங்கே சில்லைக் கலான், ஆண்டின் கடுங்குளிர்க் காலம். 2024-இல் அந்த நாட்களிலேயே, ஜனவரியின் பெரும்பகுதி, குல்மார்க் சரிவுகள் வெறுமையாகக் கிடந்தன. 2025 பிப்ரவரியில் அங்கு நடக்கவேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. எனவே 'மைனஸ் எட்டு' என்ற இரவு வெப்பநிலையைப் பார்த்து மகிழாதீர்கள். மேகம் மூடிப் பனி விழும் இரவில் குளிர் பெரும்பாலும் சற்றுத் தணிந்துதான் இருக்கும்.

அடுத்தது, நான் எல்லோரிடமும் வலியுறுத்திச் சொல்வது: மில்லிமீட்டர் கணக்கு. இடுக்கியில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மழை எச்சரிக்கை கேட்டே வளர்ந்தவர்கள் நாம். 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. தொட்டால்தான் கனமழை, 204.4 தாண்டினால் அதிகனமழை. ஜூலையில் 20 மி.மீ. பெய்ததை மழை என்று யாரும் பேசக்கூட மாட்டார்கள். ஆனால் முன்னறிவிப்பில் குல்மார்க்குக்கு 20 மி.மீ. என்று வந்தால் அது பனி உருகினால் கிடைக்கும் நீரின் அளவாக இருக்கலாம். தோராயமாக 1 மி.மீ. நீருக்கு 1 செ.மீ. புதுப்பனி. காற்று நன்றாகக் குளிர்ந்து பனி உலர்வாக விழுந்தால் ஒன்றரை, இரண்டு செ.மீ. வரைகூடப் போகும். ஆக அந்தச் சின்ன எண் 20 முதல் 40 செ.மீ. பனி. அடிவார ஊரான தங்மார்க்கிலிருந்து குல்மார்க்குக்கு ஏறும் சாலையில் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிய வண்டியையும் நான்கு சக்கர இயக்க வண்டியையும் மட்டும் விடுவார்கள். விமானம் ரத்தாகலாம். திரும்பும் நாளை நெருக்கிப் பிடித்துத் திட்டம் போட்டவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். எந்த முன்னறிவிப்பானாலும் அது சொல்வது நீரின் அளவா, விழும் பனியின் தடிமனா என்று முதலில் பாருங்கள்.

உயரத்தைக் கவனிக்காமல் விடுவதும் அதே அளவு தவறு. கைப்பேசி செயலியில் பலர் பார்ப்பது ஸ்ரீநகரின் வானிலை. ஸ்ரீநகர் சுமார் 1,585 மீட்டர், ஏறக்குறைய மூணாறு டவுன் உயரம். குல்மார்க் 2,650 மீட்டர். நம் ஆனைமுடி உச்சியே 2,695 மீட்டர்தான், அதாவது நம் ஊரின் மிக உயர்ந்த சிகரம் முடியும் மட்டத்தில் அவர்களுடைய அடிவாரம் தொடங்குகிறது. அங்கிருந்து கோண்டோலா என்ற கம்பிவட வண்டி, நடு நிலையமான கோங்டூரியைக் கடந்து அஃபர்வத் மலையில் ஏறக்குறைய 3,950 மீட்டர் வரை ஏறுகிறது. ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும், ஈரக் காற்றில் கொஞ்சம் குறைவாக. ஸ்ரீநகரில் 5 டிகிரியில் மழை தூறும்போது குல்மார்க்கில் பனி விழும், மேல் நிலையத்தில் மைனஸ் எட்டோ பத்தோ இருக்கும். மார்ச்சில் இதே கணக்கு வேறு விதமாக வெட்டும்: மேலே பனி, அடிவாரத்தில் மழை. ஆகவே உறைநிலை மட்டம், அதாவது வெப்பநிலை சுழியமாகும் உயரம், எத்தனை மீட்டரில் என்று தேடிப் படியுங்கள். அதற்கும் இருநூறு முந்நூறு மீட்டர் கீழே வரை பனி உருகாமல் வந்து சேரும். தெளிந்த இரவுகளில் மட்டும் கணக்கு புரளும், பள்ளத்தாக்கு மலையைவிடக் குளிரும். அது நமக்குத் தெரிந்த விஷயம், இங்கும் சதுப்புப் பள்ளம்தானே முதலில் வெளுக்கிறது.

'தரையில் 120 செ.மீ. பனி' என்ற செய்தியைப் பார்த்து நல்ல சரிவு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆழம் வேறு, தரம் வேறு. பகலில் இளகி இரவில் மீண்டும் உறைந்த பனி காலையில் கண்ணாடிபோல் கெட்டியாக இருக்கும், நண்பகலில் ஸ்கீ ஓடும், மாலையில் சகதியாகும். கடைசியாகப் பனி விழுந்தது எப்போது, அதற்குப்பின் பகல் வெப்பம் சுழியத்தைத் தாண்டியதா, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்ற மூன்றும் தெரிந்தால் ஆழத்தைவிட அதிகம் தெரியும். காற்று, மேட்டிலிருந்த பனியை வாரி மறுபக்கச் சரிவில் கொட்டிவிடும்.

அந்த மறுபக்கச் சரிவுதான் ஆளை விழுங்குவது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடி நிலச்சரிவில் 70 உயிர்களைப் பறிகொடுத்த நமக்கு மலை சரியும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மழை வெறித்ததும் ஆபத்து தணிந்தது என்று நாம் மூச்சு விடுகிறோம். பனியில் அப்படி நினைக்கவே கூடாது. பெரும்பனி விழுந்து முடிந்த அடுத்த ஓரிரு நாட்கள், வானம் நீலமாகி வெயில் அடிக்கும் நேரம், பனிச்சரிவுக்கு மிகவும் ஏற்ற நேரம். அதிலும் 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சாய்வுகள். பழைய பனியின்மேல் ஒட்டாமல் கிடக்கும் புதுப்பாளம் ஒரே ஒருவர் குறுக்கே போனாலும் உடையும். 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வத்தில் இரண்டு போலந்துக்காரர்கள் இறந்தனர். பனியில்லை என்று எல்லோரும் வருந்திய அதே 2024 பருவத்தில், பிப்ரவரி 22 அன்று ஒரு ரஷ்யர் இறந்தார்.

வானிலை முன்னறிவிப்பில் சூரியப் படம் இருப்பது சரிவு பாதுகாப்பானது என்பதற்கு அடையாளமே அல்ல. பனிச்சரிவு எச்சரிக்கை தனியாக வரும். சண்டிகரிலுள்ள பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனமான டிஜிஆர்இ அதைத் தயாரிக்கிறது, மாவட்டப் பெயரும் எத்தனை மீட்டருக்கு மேல் என்பதும் அதில் இருக்கும். குல்மார்க் பாரமுல்லா மாவட்டத்தில் வருகிறது. 'மிதமான ஆபத்து' என்ற சொல்லைப் படித்து நிம்மதி அடையாதீர்கள், அந்த நிலையிலும் ஆள் கால் வைத்துப் பாளம் உடையலாம். பனிக்காவல் குழு பராமரிக்கும் பகுதியின் எல்லையை முதல் நாளே கேட்டுக்கொண்டு, அதைத் தாண்டாதீர்கள்.

மற்றவை சின்ன விஷயங்கள். முன்னறிவிப்பில் 70 சதவீதம் என்பது பனி விழும் வாய்ப்பு, விழும் அளவல்ல. பதினைந்து நாளுக்குப் பின் செயலி காட்டும் பனிப் படத்தை நம்பிப் பணம் கட்ட வேண்டாம், நான்கைந்து நாள் வரைதான் அதற்கு மதிப்பு. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 40 கி.மீ. வேகக் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 21. கோண்டோலாவின் இரண்டாம் கட்டத்தைப் பலத்த காற்றுக்காக நிறுத்திவிடுவதும் உண்டு. அதனால் மேல்நிலையத்துக்கான நாளைப் பயணத்தின் கடைசி நாளில் வைக்காமல் நடுவில் வையுங்கள். நின்றுபோனால் அன்று கோங்டூரியிலேயே பழகிவிட்டு, மறுநாள் காலை காற்றின் வேகத்தைப் பார்த்து முடிவு செய்யலாம்.