கரோக்கே மேடைக்கு நாலு பார் லைட்

மயிலாப்பூர் பக்கம் சின்ன ஹாலில் 10 அடி மேடை என்றால் நாலு எல்இடி பார் (PAR) லைட், அதாவது குவளை வடிவ மேடை விளக்கு, தாராளம். முன்னால் இரண்டு ஸ்டாண்டில், 8 அடி உயரத்தில், பாடுபவரின் இரு பக்கமும் 45 டிகிரி தள்ளி, வெதுவெதுப்பான வெள்ளையில். நேரெதிரே வைத்தால் கண் கூசி, பாட்டு வரியே தெரியாது. பின்னால் இரண்டு, கலருக்கு. முகத்தில் பச்சை மட்டும் வேண்டாம். எவ்வளவு நன்றாகப் பாடினாலும் பேயறைந்த முகம்தான்.

லைட்டுகளை கன்ட்ரோலரிலிருந்து கேபிள் வழியே இயக்கும் முறைதான் டிஎம்எக்ஸ். நிறம், வெளிச்சம் என்று ஒவ்வொன்றையும் மாற்ற ஒரு சேனல். லைட்டுக்கு 7 சேனல் என்றால் டிஎம்எக்ஸ் அட்ரஸ், அதாவது ஒவ்வொரு லைட்டின் முதல் சேனல் எண், 1, 8, 15, 22. இரண்டாவதுக்கு 7 என்று போட்டால் முதல் லைட்டின் கடைசி சேனலோடு மோதும். ஒன்றைத் தொட்டால் மற்றது ஆடும். கேபிள் ஒரு லைட்டின் அவுட்டிலிருந்து அடுத்ததன் இன்னுக்குத்தான். நடுவில் ஒய் கேபிள் போட்டுப் பிரிக்காதீர்கள். கடைசி லைட்டின் அவுட்டில் 120 ஓம் டெர்மினேட்டர், அதாவது சிக்னல் திரும்பி வராமல் தடுக்கும் சின்ன பிளக். அப்படியும் வெட்டி வெட்டி எரிந்தால், யாராவது மைக் கேபிளைச் செருகியிருக்கிறார்களா பாருங்கள். பிளக் அதேதான், ஒயரின் குணம் வேறு.

மெலடிக்கு 3 விநாடி ஃபேட், அதாவது வெளிச்சம் மெல்ல மாறுவது. குத்துப்பாட்டுக்கு, பின்னால் உள்ள லைட்டில் மட்டும் சேஸ், அதாவது லைட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறி எரிவது. முன் லைட்டைத் தொடவே வேண்டாம்.